கெட்டுப்போன படம்

பின்னிரவு இரண்டு மணி பதினான்கு நிமிடத்துக்கு எடுத்த படம் மட்டும் கெட்டுப்போயிருந்தது. மற்ற ஐம்பத்தெட்டிலும் அந்தச் சுருள் விண்மீன் மண்டலம், ஊதினால் கலைந்துவிடும் சாம்பல்போல் தெரிந்தது.

இந்த ஒன்றில் வானமே இல்லை. ஓரத்திலிருந்து வெள்ளை வெளிச்சம் புகுந்து எல்லாவற்றையும் அழித்திருந்தது.

அது வண்டி விளக்கு என்று ஒலெபிலேக்குத் தெரியும். பக்கத்துப் பட்டியில் குளம்புச் சத்தமும், பிறகு வண்டி கிளம்பும் சத்தமும் அவன் காதில் விழுந்தன. டார்ச் மடியில்தான் கிடந்தது. அடித்தால் படம் போய்விடும். படம் முடிந்து கேமரா மூட இன்னும் மூன்று நிமிடம்தானே என்று தொலைநோக்கிப் பக்கத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகும் நாலு மணிவரை எடுத்தான்.

இப்போது மணி எட்டு. பக்கத்து வீட்டு மா கொராட்டாவின் பட்டி காலி. பதினோரு ஆடுகளும் போய்விட்டன. கணவன் செத்து ஓராண்டு ஆகப்போகிறது. அவளுக்கென்று இருந்தவை அவைதான்.

தன் படத்துக்காக அவள் வாசல் விளக்கை மூன்று ராத்திரி அணைத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சியவன் ஒலெபிலே.

வேலி ஓரம் போய் நின்றான். தம்பி விட்டுப்போன ஆடுகளை ஓட்டிப்போக அன்று காலை வந்த அவள் கணவனின் அண்ணன் செலெலோ, வெறும் பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தார்.

“முள்ளுக் கிளையை இழுத்து வாசல மறுபடியும் அடைச்சுட்டுப் போயிருக்கான். திருட்டுப் பயலுக்கு எவ்வளவு கொழுப்பு பாரு!”

“தொறந்து போட்டுட்டுப் போயிருந்தா மட்டும் ஆடு திரும்பி வந்துருமா?” மா கொராட்டா கறுப்புத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். துக்கத் துணி. கழற்ற இன்னும் பத்து நாள் இருந்தது.

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ராத்திரி விளக்கு ஏன் எரியல?”

ஒலெபிலே தொண்டையைச் செருமினான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“பல்பு போயிருச்சு பெரியவரே.”

“நான் வர்றேன்னு தெரியுது, ஒரு பல்பு மாத்தத் தெரியல!” செலெலோ வேலிப் பக்கம் திரும்பினார். “வாத்தியாரே, ராத்திரி பூரா குழாய்ல கண்ண வச்சுக்கிட்டே கிடப்பீங்களாமே. மேல எங்கயாச்சும் நம்ம ஆடு மேஞ்சுதா?”

கூட வந்த இருவரும் சிரித்தார்கள்.

“இல்லீங்க” என்றான் ஒலெபிலே. தன்னைக் காப்பாற்ற ஒருத்தி பொய் சொல்லித் திட்டு வாங்குகிறாள். அவனோ வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

மணலில் பதிந்த டயர் தடத்தைப் பார்த்தபடி செலெலோ வண்டியை எடுத்தார். தெருமுனையில் தார்ச்சாலை. அதற்குமேல் தடம் இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

புழுதி அடங்குமுன் ஒலெபிலே வேலியைத் தாண்டிவிட்டான்.

“அக்கா, எனக்காகப் பொய் சொன்னீங்க.”

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் முழிச்சுதான் இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. படம் கெட்டுரும்னு எந்திரிக்கல. ஒரு கோடி வருஷத்துக்கு முந்திக் கிளம்புன வெளிச்சம் பெருசாத் தெரிஞ்சுது. உங்க ஆடு தெரியல.”

“விடுங்க சார். நடந்தது நடந்துபோச்சு.”

“விட முடியாதுக்கா. விளக்க அணைக்கச் சொன்னதே நான்தான்னு ஊர்த் தலைவர்கிட்ட சொல்லிடறேன். அவர் என்ன தண்டனை குடுத்தாலும் சரி.”

“ஐயோ, அதெல்லாம் எதுக்கு? பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா உங்களுக்கு?”

“என்கிட்ட ஒரு படம் இருக்கு. ஆடு ஏத்தின நேரத்துல கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அதையும் தலைவர்கிட்ட குடுத்துடறேன்.”

மா கொராட்டாவின் கை வாளிமேல் அப்படியே நின்றது. செலெலோ போன பாதையை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார், அதுல என் மூஞ்சி தெரியுதா?”