குழாய் எடுக்கும் நாள்

“குழாய எப்ப எடுப்பீங்க டாக்டர்?”

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்ததும் விஜயராணி கேட்கும் முதல் கேள்வி அதுதான். பிழைப்பாரா, மாட்டாரா என்று அழுகிற மனைவிகளையே பார்த்துப் பழகிய டாக்டர் நிர்மலாதேவிக்கு, இவளுடைய தைரியம் பிடித்திருந்தது.

கணவர் திருச்செல்வம், சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய் லாரி ஓட்டுபவர். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவரை நிமோனியா சாய்த்துவிட்டது. மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது மூச்சு திணறியது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாயை இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்காக இயந்திரம்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“அவசரப்பட்டு எடுத்தா திரும்பப் போட வேண்டி வரும். அது ஆபத்து. லேட்டா எடுத்தா நெஞ்சுல கிருமி ஏறிடும். சரியான நாளக் கண்டுபிடிக்கிறதுதான்க்கா கஷ்டம்,” என்றார் டாக்டர்.

தினமும் காலையில் இயந்திரத்தின் உதவியைக் குறைத்து, அவரைக் கொஞ்ச நேரம் சொந்தமாக மூச்சு விடச் சொல்லிப் பார்ப்பார்களாம். அதை வைத்துக் கம்ப்யூட்டர் ஒரு கணிப்புச் சொல்லும். அதை மட்டும் நம்பாமல், இருமுவதற்குப் பலம் இருக்கிறதா, சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா என்று டாக்டரும் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

விஜயராணி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். எடுத்த அன்றே பேசுவாரா, எழுந்து நடக்க எவ்வளவு காலம் ஆகும் என்றும் கேட்டாள். குரல் கம்மித்தான் வரும், நடக்க ஒரு வாரமாவது பிடிக்கும் என்று டாக்டர் சொன்னதும் மெல்லத் தலையாட்டினாள்.

“இந்த அக்கா மாதிரி பொண்டாட்டி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் லா,” என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ்.

பத்து பெரண்டாமில் இருக்கும் வீட்டுக்குப் போனாலும் இயந்திரத்தின் மூச்சு அவளை விடவில்லை. மின்விசிறி சுற்றும்போது கேட்டது. உலை கொதிக்கும்போது கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றால், முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மகள்களும் மாறித்தான் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு வாசலில் ஏதாவது வண்டி வந்து நின்றால், மெல்லுவதை நிறுத்திவிட்டு இருவரும் கதவையே பார்த்தார்கள். “அப்பா இல்ல,” என்று மூத்தவள் கலைமகள் சொன்ன பிறகுதான் சின்னவள் வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள்.

முதல் முயற்சி தோற்றுப்போனது. இயந்திரத்தைக் குறைத்த சிறிது நேரத்தில் திருச்செல்வத்துக்கு வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கியது. டாக்டர் மறுபடியும் இயந்திரத்தைக் கூட்டிவிட்டார்.

விஜயராணி வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் மாரியம்மன் கோவிலில் விளக்கேற்றி, அவர் சொந்தமாக மூச்சு விடணும் தாயே, அது ஒன்று போதும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

அடுத்து முயன்றபோது மூச்சு சீராக இருந்தது. கம்ப்யூட்டரும் எடுக்கலாம் என்றே காட்டியது. மயக்க மருந்தை நிறுத்தியிருந்ததால் அவர் கண் திறந்திருந்தார்.

“அக்கா, அவரு கையப் பிடிங்க. சொன்னா அமுக்குறாரான்னு பாக்கணும்.”

விஜயராணி தயங்கினாள். பிறகு வலது கையை நீட்டினாள். அதன் சுண்டுவிரல் எப்போதோ ஒடிந்து, சரியாகக் கூடாமல் கோணியிருந்தது. டாக்டர் சொன்னதும் திருச்செல்வம் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பயப்படாதீங்க, நல்ல பலம் இருக்கு,” என்று டாக்டர் சிரித்தார்.

குழாய் வெளியே வந்தது. திருச்செல்வம் விடாமல் இருமினார். இருமல் அடங்கியதும் அவர் கண்கள் அறை முழுக்கத் தேடி, கடைசியில் மனைவியிடம் வந்து நின்றன.

“ராணி... வீட்டுக்கு வர்றேன்,” என்றார் கம்மிய குரலில்.

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களைத் துடைத்தாள்.

மறுபடியும் குழாய் போட வேண்டி வருமா என்று மட்டும் விஜயராணி கேட்டாள். இரண்டு நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளும் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. அவருடைய உதட்டைத் துடைத்து, தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினாள். அவர் தூங்கும்போது அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெடு தாண்டியதும், இனி இயந்திரம் தேவைப்படாது, சாதாரண வார்டுக்கு மாற்றுகிறோம் என்று டாக்டர் சொன்னார். விஜயராணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ரெம்பியாவிலிருந்து திருச்செல்வத்தின் அக்கா வந்து சேர்ந்தார். இனித் தம்பியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அவள் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்கட்டும் என்றும் சொன்னார். விஜயராணி கட்டிலருகே ஒரு நிமிடம் நின்றாள். போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

கீழே கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, மூத்த மகளுக்குப் போன் போட்டாள். அப்பா சொந்தமாக மூச்சு விடுகிறார், இனி உயிருக்குப் பயமில்லை என்றாள். “அப்ப வீட்டுக்கு வந்துடுவாராம்மா?” என்று கேட்டாள் கலைமகள்.

விஜயராணி ஒருமுறை திரும்பி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“தங்கச்சியக் கூட்டிக்கிட்டு நேரா பஸ் ஸ்டேசனுக்கு வந்துடும்மா, அவரு எந்திரிச்சு நடக்குறதுக்குள்ள நாம எங்கயாச்சும் போயிடணும்.”