ஒத்தை விரல் அக்கா

"இறப்புப் பதிவு ஜன்னல்ல இருக்கிற அம்மாவ மாத்திடுங்க சார். அவங்களுக்குக் கம்ப்யூட்டர் சுட்டுப்போட்டாலும் வராது."

கம்ப்யூட்டர் பயிற்சியாளர் சொன்னதும் நகராட்சி அதிகாரி தலையாட்டினார்.

"சாயங்காலம் அறிக்கைல எழுதிக் கொடுங்க. ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிடறேன்."

ரெக்கார்டு ரூம் என்றால் தூசியும் இருட்டும்தான். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

பயிற்சி முடிந்து மற்ற எல்லோருமே தேறிவிட்டார்கள். பக்கத்து ஜன்னலில் பிறப்புப் பதிவு சடசடவென்று ஓடியது. இந்த அம்மா மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். 'ஒத்தை விரல் அக்கா' என்று ஆபீசே பட்டம் கட்டிவிட்டது.

அன்றும் அப்படித்தான். மனைவியைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்டம்மா பேரு சொல்லுங்கய்யா."

சொன்னார். அக்காவின் விரல் கீபோர்டு மேல் மேயத் தொடங்கியது.

"இந்தப் பேரச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லம்மா. 'ஏய்'தான். அதுக்கே ஓடி வருவா."

"ம்... சொல்லுங்க," என்றபடி அக்கா அடுத்த எழுத்தைத் தேடினார்.

பெரியவர் அழுதார். நடுவில் எதையோ நினைத்துச் சிரித்தார். மறுபடி அழுதார். சான்றிதழ் வருவதற்குள், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மறந்துவிட்ட பென் டிரைவை எடுக்க வந்த பயிற்சியாளர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி கீபோர்டு சத்தம். அக்காவின் பத்து விரல்களும் பறந்துகொண்டிருந்தன! ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காகிதங்களில்தான் கண். திரையில் ஒரு பிழை இல்லை. அம்மாடியோவ், இந்த வேகம் எனக்கே வராதே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

நின்ற இடத்திலேயே செல்போனை எடுத்து, அறிக்கையில் எழுதியிருந்ததை அழித்தார்.

"மேடம், உங்கள மாத்தச் சொல்லி எழுதியிருந்தேன். இப்பதான் அழிச்சேன். இப்படி ஒரு கைய வச்சுக்கிட்டு, ஆளுங்க முன்னாடி எதுக்கு அந்த ஒத்தை விரல்?"

திடுக்கிட்டுத் திரும்பிய அக்கா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சான்றிதழ் கைக்கு வந்துட்டா எந்திரிச்சுப் போயிடணும் தம்பி. அழுது முடிக்கிற வரைக்குமாவது அவங்க இங்க உட்கார வேணாமா?"