பத்து நாள் ஊறிய பலகைகள்

தமிழினி வாளிக்குள் கையை விட்டு முதல் பலகையை எடுத்தாள். அது இரண்டாக வந்தது.

"இது அவுட்டு," என்றான் அவள் கணவன் இளவழகன், டீ டம்ளரோடு மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்தபடி. அவனுக்கு இது ஞாயிற்றுக்கிழமை மேட்ச்.

மாமியார் காத்தாயி தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தீர்ப்பு சொல்ல வேண்டியவள் அவள்தான்.

வழக்கு இதுதான். காத்தாயி வெள்ளிக்கிழமை தவறாமல் சமையலறையைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். துணியால் துடைப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் செய்கிற வேலை என்பது அவள் எண்ணம்.

போன வருஷம் தமிழினி ஆசைப்பட்டுப் போட்ட கபோர்டு எட்டு வெள்ளிக்கிழமை தாக்குப்பிடித்தது. ஒன்பதாவது வாரம் கதவு பூரி மாதிரி உப்பியது. பதினோராவது வாரம் உள்ளே காளான் முளைத்தது. அதைச் சமைக்கலாமா என்று இளவழகன் உண்மையாகவே கேட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தமிழினி புடவை எடுத்தாலும் சரி, பூசணிக்காய் எடுத்தாலும் சரி, "கபோர்டு மாதிரி ஆயிடப் போவுது" என்று ஒரு வார்த்தை தயாராக இருந்தது.

அதனால் இந்தத் தடவை அவள் படித்தாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இ-சேவை மையத்தில் அவளுக்குக் காலை வேலை. வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் நடுவே, எந்தப் பலகைக்குக் காட்டை வெட்ட வேண்டியதில்லை, எந்தப் பசை கொதிக்கிற தண்ணீருக்கும் விடாது என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் திருவண்ணாமலை ரோட்டுக் கடையில் ஐந்து மாதிரித் துண்டுகள் வாங்கிவந்தாள்.

காத்தாயி அதற்கு ஒரு சட்டம் போட்டாள். "பத்து நாளு தண்ணில கெடக்கட்டும். எது ஊதாம வருதோ அதுல செஞ்சிக்க. ஒண்ணும் வரலன்னா, இனிமே கபோர்டுன்ற பேச்சே இந்த ஊட்ல இருக்கக் கூடாது."

இன்று பத்தாவது நாள்.

இரண்டாவது, கரும்புச் சக்கைப் பலகை. வாங்கும்போது முக்கால் அங்குலம், இப்போது ஒன்றரை. லேசாகப் புளித்த வாடையும் வந்தது.

மூன்றாவது, பிளாஸ்டிக் பலகை. அதற்கு எதுவுமே ஆகவில்லை. பத்து நாளும் விடுமுறைக்கு வந்த மாதிரி மிதந்துகொண்டிருந்தது. ஆனால் அது பாத்ரூம் கதவு மாதிரி இருக்கிறது என்று மூன்று பேரும் முதல் நாளே ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காவது, மூங்கில் பலகை. தமிழினி மனசுக்குள் கபோர்டாகவே மாட்டிவிட்ட பலகை. வெட்ட வெட்ட முளைக்கும் மூங்கில், தேன் நிறம். மெதுவாக வெளியே எடுத்தாள். உப்பவில்லை. பிரியவில்லை. தட்டினால் டொக்கென்றது.

காத்தாயி வாங்கி ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது."

தமிழினி தலையைக் குனிந்துகொண்டாள். பார்ப்பவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் நாளே அந்தப் பலகையின் ஓரம் கொஞ்சம் கறுத்தது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம், காத்தாயி சீரியல் பார்த்துவிட்டுத் தூங்கும் நேரத்தில், மூங்கிலை எடுத்துத் தொட்டிக்குப் பின்னால் காயப்போட்டாள். சுற்றிலும் பாறை மலை. செஞ்சி வெயிலுக்கு அரை மணி நேரம் அதிகம். நாலு மணிக்கு மறுபடியும் வாளிக்குள். படிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

கடைசித் துண்டு கிளிப்பச்சை. அது கடைக்குக் கூடவந்த காத்தாயி பொறுக்கியது. கடைக்காரர் மனசு நோகக் கூடாதே என்று எடுத்தாளாம். மேலே பளபளப்பு, உள்ளே சாதாரண பிளைவுட். தமிழினி படித்த படிப்புப்படி அது நாலு நாள்கூடத் தாங்காது. அதைத் தூக்கிக் காட்டத்தான் கடைசியில் வைத்திருந்தாள்.

தூக்கினாள்.

பச்சை, நேராக இருந்தது. உப்பவில்லை. பிரியவில்லை. தட்டினாள். டொக்.

திருப்பிப் பார்த்தாள். பின்பக்க ஈர மரத்தில் மிளகாய் விதை ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

பத்து நாளாக இந்த மாடியில்தான் மிளகாய் காய்கிறது. காயவைப்பது காத்தாயி. தினமும் காலையில், தமிழினி வேலைக்குக் கிளம்பிய பிறகு.

அவள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். காத்தாயி எதிரே இருந்த ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொண்டுவந்து வைத்துவிட்ட மாதிரி.

கேட்டுவிடலாம். கேட்டால் அதே கேள்வி திரும்பி வரும். தமிழினி விரலால் விதைகளைத் தட்டிவிட்டு, "அத்தை, உங்க பச்சையும் பாஸு," என்றாள்.

"அப்பிடியா?" என்றாள் காத்தாயி, மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கதவுக்குப் பச்சய வச்சிக்கலாம். உள்ளுக்கு உன் மூங்கில வச்சிக்க."

இளவழகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பத்து நாள் ஊறியே ஒண்ணும் ஆவல! இன்னாம்மா, இனிமே குடமெல்லாம் எதுக்கு? வெள்ளிக்கெழம மோட்டர் போட்டு பைப்புல நானே அடிக்கிறேன்."

"வேணாம்!"

மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் டம்ளரோடு அப்படியே நின்றான்.

காத்தாயிதான் முதலில் சமாளித்தாள். கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கினாள்.

"துணியால தொடச்சிக்கலாம்டா," என்றாள். "எனுக்கும் முட்டி வலிக்குது."

இந்தப் பத்து நாளும், காலையில், பதினெட்டுப் படி ஏறி இறங்கிய முட்டி.