புறவாசல் செண்பகம்

வாசனைதான் முதலில் வந்தது.

பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். சாரல் விட்டிருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு முன்வாசலுக்கு நடந்தார். வேகமாக அல்ல. எழுபத்திரண்டு வருஷத்தில், எதற்காகவும் அவர் ஓடியதில்லை.

முன்வாசல் மரத்தில் இலைதான் இருந்தது.

குற்றாலத்து மலையில் அவரே பொறுக்கி வந்த விதை. எட்டு வருஷம். இரண்டு ஆள் உயரம். ஒரு பூ இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான்: விதைச் செண்பகம் அப்படித்தான், நேரம் எடுக்கும், எங்கள் வீட்டில் ஒட்டுச்செடி வைப்பதில்லை.

வாசனை புறவாசலிலிருந்து வந்தது.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடுப்பளவுச் செடி. போன வருஷம் மருமகள் ஜெசிந்தா நர்சரியில் வாங்கி வைத்தது. ஒட்டுக் கட்டிய தழும்பு தண்டில் இன்னும் தெரிந்தது. அதை நட அவர் சொல்லவில்லை. பிடுங்கவும் சொல்லவில்லை.

மூன்று பூ. சந்தன மஞ்சள்.

சுற்றும்முற்றும் பார்த்தார். ஒன்றைக் கிள்ளினார். கூடத்தில் அப்பாவின் படத்துக்கு வைத்தார்.

கை மணத்தது. கழுவவில்லை.

ஒன்பது மணிக்குத் தங்கை உலகம்மாள் வந்தாள். அவர் மகனும் ஜெசிந்தாவும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து, ஜெசிந்தா வைத்துவிட்டுப் போகும் காபியைக் குடிப்பாள். அவளோடு பேச மாட்டாள்.

அவரும் அதை ஏனென்று கேட்டதில்லை.

உலகம்மாள் படத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, ஒருவழியா உங்க மரம் பூத்துட்டு போல இருக்கே! தெருவுக்கே லட்டு குடுக்கணுமே."

ஆமாம் என்றால் போதும். எட்டு வருஷப் பேச்சு நிலைத்துவிடும்.

சமையலறையில் ஜெசிந்தாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"எம் மரம் இல்ல. பின்னால மருமவ வச்சது."

"அந்த ஒட்டா?"

"ஒட்டுதான்."

உலகம்மாள் காபியை ஒரு வாய் குடித்தாள். மறுபடி பூவைப் பார்த்தாள்.

"சரி, இன்னும் இருந்தா ரெண்டு பறிச்சுத் தாங்க. தலையில வச்சுக்கிடுதேன்."

அவர் பேப்பரைப் பிரித்தார். முதுகு நாற்காலியில் படவில்லை.

"செடி அவளோடது. அவகிட்ட கேளு."

"நான் போயா?"

"காலையில நான் கேக்காமப் பறிச்சேன். அது தப்பு."

சமையலறை வரை கேட்கும் குரலில்தான் சொன்னார்.

வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. உலகம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறை வாசல்வரை போனாள்.

நின்றாள்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

அவர் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.