பெரிய விசிறி

படகின் பழைய இன்ஜினில் தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் பெரிய விசிறி ஒன்றை மாட்டினார் சவரிமுத்து. காலையில் வெறும் படகு கடலில் சீறிப் பாய்ந்தது.

"என் வேகத்தைப் பார்த்தாயா?" என்றது விசிறி.

"மீன் பாரம் ஏறினால் உன்னைச் சுழற்ற எனக்குச் சக்தி போதாது. நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். நீ சொல்லேன்" என்றது இன்ஜின்.

"சொன்னால் என்னைக் கழற்றிவிடுவாரே."

திரும்பும்போது படகு நிறைய மீன். இன்ஜின் திணறியது, கொதித்தது, புகைந்து நின்றது. சவரிமுத்துவும் உடன் வந்த அவர் மருமகனும் துடுப்புப் போட்டுக் கரை சேர்வதற்குள் மீன் கெட்டுவிட்டது. கருகிய இன்ஜினைக் காயலான் கடைக்காரர் தூக்கிப்போனார். விசிறியை மட்டும் சவரிமுத்து கழற்றி வைத்துக்கொண்டார்.

மறுவாரம் அதே விசிறியோடு புது இன்ஜின் வந்து சேர்ந்தது.

"முன்பு இருந்தவருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டது.

"வயதாகிவிட்டது" என்றது விசிறி.