தனித்து நிற்கும் வட்டம்

கணவனும் மனைவியும் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்திருக்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ஓடும் இரண்டு ரயில்களின் பயணத்தை, ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றாக, அவன் வட்டங்களாகவும் அவள் சதுரப் பெட்டிகளாகவும் வரைந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே படமாக்கத்தான் நாலு வருடச் சண்டை. காலை வெயில் தாள்களை ஊடுருவ, பெட்டிகள் ஒவ்வொன்றாக வட்டங்களில் போய் உட்காருகின்றன. ஒரு வட்டம் மட்டும் தனியாக நிற்கிறது. “இது என்னடா?” என்கிறாள். “ஒரு ரயில் இன்னொண்ணுக்காகக் காத்திருக்கிற இடம்.” “என் படத்துல இல்லையே!” “நீ என்னைக்கும்மா காத்திருந்த?” முறைக்கத் திரும்புகிறாள். மேசைமேல் அவளுடைய டீ தட்டு போட்டு மூடியிருக்கிறது. பக்கத்தில், சேர்ந்து குடிக்கலாமென்று அவன் தொடாமல் வைத்த டீயில் ஆடை படிந்திருக்கிறது. பேனா மூடியைப் பல்லால் கழற்றி, அவள் தன் தாளில் முதல்முறையாக ஒரு வட்டம் வரைகிறாள்.