நாலாவது வீடு

"அதோ பாரும்மா, மூலையிலேருந்து நாலாவது. நம்ம வீடு!"

யாஸ்னா நீட்டிய விரலின் திசையில் எர்மிண்டா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அட்டகாமா பாலைவன வெயிலில் கீழே தகரக் கூரைகள் வரிசையாகக் கிடந்தன. அவர்கள் நின்ற கல்மேடு பாதித் தெருவை ஏற்கெனவே விழுங்கியிருந்தது.

பின்னால், யாஸ்னா ஓட்டும் ராட்சத லாரி சுரங்கத்துக் கழிவுக் கல்லைச் சுமந்தபடி உறுமிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பத்து நிமிடம் இது. சுரங்கம் பெருத்து, கல்லைக் கொட்ட இடம் போதாமல், குடியிருப்பையே காலி செய்து பட்டணத்துக்கு இறக்கிவிட்டார்கள். அப்போது யாஸ்னாவுக்கு ஆறு வயது. தன் வீட்டைக் கடைசியாக ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும், எர்மிண்டா கேட்டது அவ்வளவுதான்.

"தெருவுல இதுக்கு மேல இருந்த வீடெல்லாம் இந்த வாரம் நான்தான் மூடினேன். நம்மளத மட்டும் யாரையும் தொட விடல. அம்மா பாத்த பிறகு நானே மூடுறேன்னு சொல்லிட்டேன்."

எப்பேர்ப்பட்ட தெரு அது! கம்பெனி கட்டிய வீடுகள். ஒரே கதவு, ஒரே ஜன்னல், எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் பெயிண்ட். ஒரு சம்பள நாளில் எர்மிண்டாவின் புருஷன் எலியாசர் குடித்துவிட்டு யார் வீட்டிலோ நுழைந்து, பூட்ஸைக் கழற்றி, சூப்பையும் குடித்து முடித்து, "இன்னைக்குத்தான்டி உனக்கு உப்பு போடத் தெரிஞ்சிருக்கு" என்றானாம். அந்த வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எர்மிண்டா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

கதவுக்குப் பூட்டுப் போட்டவர் யாருமில்லை. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடும், எங்கே தூங்கும் என்று வரைமுறையே கிடையாது.

பெண் கால் பட்டால் தாது ஒளிந்துகொள்ளும் என்று சுரங்கத்து கேட்டுக்குள் அப்போதெல்லாம் பெண்களை விடமாட்டார்கள். எர்மிண்டாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இன்று அவள் மகள் அதே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள். எலியாசர் இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். பெருமையிலா பயத்திலா, அது வேறு விஷயம்.

காலி செய்த அன்று தரையை மெழுகு போட்டுத் துடைத்துவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். கல்லுக்கு அடியில் போகப்போகிற தரை! பைத்தியமா உனக்கு என்று கேட்க ஆளில்லை. தெருவே துடைத்துக்கொண்டிருந்தது.

"கொல்லையில பாரு, அந்த சிமெண்டுத் தொட்டி! என்னை உக்கார வெச்சு வெந்நீர் ஊத்துவியே. வீடுன்னாலே எனக்கு அந்தத் தொட்டிதான்மா ஞாபகம் வரும்." என்றாள் யாஸ்னா.

எர்மிண்டா தொட்டியைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, தன் காலடியிலிருந்து சரிந்து இறங்கிய கற்களைப் பார்த்தாள்.

"என்னம்மா, சரியாத் தெரியலையா?"

"தெரியாம என்ன, நல்லாத் தெரியுதுடி." மகளின் கன்னத்துத் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். "கண்குளிரப் பாத்துட்டேன். போதும், வா, கொட்டு."

இருவரும் லாரியில் ஏறினார்கள். யாஸ்னா வண்டியை விளிம்புவரை பின்னுக்கு நகர்த்தி, சிலுவை போட்டுக்கொண்டு, லீவரைத் தூக்கினாள். கல் இறங்கி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அம்மாவின் தோளில் முகம் புதைத்து விசும்பினாள்.

"அழாதடி. நல்ல வீடு. உன்னை நல்லா வெச்சிருந்துச்சு," என்றாள் எர்மிண்டா, முதுகைத் தடவிக்கொடுத்தபடி.

அந்தத் தெருவில் தொட்டி இருந்தது நெல்டா வீட்டில் மட்டும்தான். எர்மிண்டா வேலை முடிந்து வரும்வரை பிள்ளையைக் குளிப்பாட்டி, ரொட்டி ஊட்டி வைத்திருந்தவள் நெல்டா.

எர்மிண்டாவின் வீடு அதற்கு மூன்று வீடு மேலே இருந்தது.